தொம்மலூருக்கு வந்த சமாதானம்

பெங்களூரின் கிழக்குப் பகுதியில், உள்வட்டச் சாலையும் பழைய விமான நிலையச் சாலையும் சந்திக்கும் இடத்தில், மேம்பாலத்தின் மேலும் கீழும் இரவு பகலாக வாகனங்கள் ஓடிக்கொண்டிருக்க, அந்த ஆரவாரத்தை விட்டு விலகித் தொம்மலூரின் பழைய தெருக்களுக்குள் நுழைந்தால் சொக்கநாதசுவாமி கோயிலைக் காணலாம். பெயரைக் கேட்டு மதுரைச் சொக்கநாதரை மனத்தில் கொண்டு போகிறவர்கள், கருவறையில் பெருமாள் எழுந்தருளியிருப்பதைக் கண்டு சற்றே திகைப்பது வழக்கம்; இவர் சொக்கப்பெருமாள். அந்தக் கோயிலின் கற்களில் தமிழ் எழுத்துகள் இருக்கின்றன. பி. எல். ரைஸ் 1905-இல் வெளியிட்ட கர்நாடக சாசனத் தொகுப்பின் ஒன்பதாம் பாகத்தில் அவை அச்சேறின. ஊரின் வருவாயிலிருந்து பெருமாளுக்குக் கொடுத்த தானத்தைச் சொல்லும் அந்தச் சாசனங்களில் போசள மன்னன் வீர ராமநாதனின் பெயர் வருகிறது.

கன்னட நாட்டுப் போசளன் ஒருவன் காலத்துச் சாசனம் ஏன் தமிழில் இருக்கவேண்டும் என்று கேட்பது நியாயமே. அதற்குக் காரணம் ஒரு பாகப்பிரிவினை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் சோமேசுவரன் என்ற போசள அரசன் தன் ராஜ்யத்தை இரண்டாக வகுத்து, துவாரசமுத்திரத்தை மூன்றாம் நரசிம்மனுக்கும், ஸ்ரீரங்கத்தையடுத்த கண்ணனூரைத் தலைநகராகக் கொண்ட தமிழ்ப் பகுதியை ராமநாதனுக்கும் விட்டான். பாண்டியரின் நெருக்கடியால் கண்ணனூரை இழந்த ராமநாதன் வடமேற்கே குந்தாணிக்கு வந்து, இன்றைய பெங்களூர், கோலார்ப் பிரதேசங்களை ஆண்டான். தகப்பன் வகுத்த கோடு, எந்தக் கல்லில் எந்த மொழி பொறிக்கப்படும் என்பதை நிர்ணயித்தது. எல்லையை வகுக்கிறவர்களின் கை, அவர்கள் கண்ணால் காணாத சிற்றூர்களின் வாழ்வில் எவ்வளவு ஆழமாகப் பதிகிறது என்பதற்கு இந்தக் கற்களே முதற் சாட்சி.

ஆயினும் இன்று தொம்மலூர்ச் சந்துகளில் காதில் விழும் தமிழ், அந்தக் கல்லின் தமிழிலிருந்து இடையறாது வந்த ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. கல்லின் தமிழ் போசளரோடும் அவர்களுக்கு முந்திய சோழரோடும் வந்தது. தெருவின் தமிழில் பெரும்பங்கு, அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின், வெள்ளைக்காரப் பட்டாளத்தின் பின்னே மூட்டை முடிச்சுகளோடு மலையேறி வந்தது. அந்தப் பட்டாளம் இங்கே வந்து நிலைகொண்டது ஒரு யுத்தத்தினால் என்று சொல்லுவதே வழக்கம். என் அபிப்பிராயம் வேறு. யுத்தம் முடிந்ததும் சிப்பாய் தன் ஊருக்குத் திரும்பிவிடுவான். அவனைத் திரும்பவிடாமல் ஓரிடத்தில் நூற்றுக்கணக்கான ஆண்டுகள் குடியிருத்தி வைப்பது, யுத்தம் முடிந்தபின் எழுதப்படும் உடன்படிக்கையே. ஆகவே தொம்மலூரின் கதையைச் சொல்லப் புகுந்தவன், சமாதானங்களின் கதையைத்தான் சொல்லவேண்டும்.

நம்முடைய இலக்கியம் சமாதானத்தைப் பற்றிப் பேசியபோதெல்லாம் பெரிதும் போருக்கு முந்திய தூதையே பேசியது. கண்ணன் தூது நடந்ததையும், ஐந்து ஊரேனும் தரமாட்டேன் என்று துரியோதனன் மறுத்ததையும் கூத்திலும் பாட்டிலும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் ஔவை தூது சென்றதும் நமக்குத் தெரியும். ஆனால் போர் ஓய்ந்தபின் வென்றவனும் தோற்றவனும் எதிரெதிரே அமர்ந்து நிலத்தையும் பணத்தையும் பிள்ளைகளையும் பங்கிட்டுக் கொண்ட சபைகளைப் பற்றி நம் நாவில் அதிகக் கதைகள் இல்லை. நம் ஊர்களை இன்று இருக்கும்படி ஆக்கியவை அச்சபைகளே.

அவற்றுள் தொம்மலூரைத் தொட்டவற்றின் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிட்டனை எதிர்த்து எழுந்தபோது, 1778-இல் பிரான்ஸ் அவர்கள் பக்கம் சேர்ந்தது. அந்தக் கணமே, அட்லாண்டிக் கரையில் மூண்ட தீ நம் கடற்கரைக்கும் பரவியது. பாண்டிச்சேரி அவ்வாண்டே ஆங்கிலேயர் வசமாயிற்று. 1779 மார்ச்சில் மாஹேயையும் பிடித்தார்கள். மாஹே பிரெஞ்சுக்காரரின் துறைமுகமே ஆனாலும், அதனைச் சூழ்ந்த மலையாள நாடு மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் ஆதிக்கத்தில் இருந்தது. அவருக்கு வேண்டிய ஆயுதங்கள் அந்தத் துறையின் வழியே வந்தன. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1769-இல், சென்னையின் வாயிற்படி வரை வந்து நின்ற ஹைதரோடு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியார் ஓர் உடன்படிக்கை செய்து, ஒருவருக்கு ஆபத்து நேர்ந்தால் மற்றவர் துணை வருவது என்று வாக்குக் கொடுத்திருந்தனர். மராட்டியர் மைசூரின்மீது படையெடுத்தபோது அந்த வாக்கு காற்றில் போயிற்று. வாக்குப் பிழைத்த மனக்கசப்பும் மாஹேயின் இழப்பும் சேர்ந்து, 1780 ஜூலையில் ஹைதரின் பெரும்படையைச் செங்கம் கணவாய் வழியாக ஆற்காட்டுச் சமவெளியில் இறக்கிவிட்டன. காப்பாற்றாத சமாதானம், செய்யாத சமாதானத்தைவிடக் கொடியது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

பின் வந்த நான்கு ஆண்டுகளின் யுத்த விவரங்களை விரித்துச் சொல்வது இங்கே நோக்கமன்று. காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10 அன்று ஆங்கிலத் தளபதி பெய்லியின் படை அழிந்தது. 1781 ஜூலை முதல் நாள் பரங்கிப்பேட்டையில் ஹைதரை ஆங்கிலேயரின் அயர் கூட் வென்றார். சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர் என நம் கரையோரக் கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனும் ஆங்கிலத் தளபதி ஹியூஸும் திரும்பத் திரும்ப மோதினர். 1782 டிசம்பரில் ஹைதர் சித்தூருக்கு அருகே பாளயத்திலேயே காலமானார். இவற்றினிடையே, ஊர்கள் எரிந்து விளைநிலங்கள் பாழாகி, ஜனங்கள் சென்னையை நோக்கி ஓடி வந்து, பஞ்சத்தில் மடிந்தனர். அவர்களுக்குக் கஞ்சி வார்க்க 1782-இல் தொடங்கிய மணியக்காரர் சத்திரமே பிற்காலத்தில் வளர்ந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஆயிற்று. வடசென்னைப் பெரியவர்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொன்ன சொல்லுக்குள்ளே, அமெரிக்க சுதந்தர யுத்தத்தின் பசி ஒளிந்திருக்கிறது.

1783 ஜூன் மாதக் கடைசியில் கடலூரில் ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி கோட்டைக்குள்ளும் ஆங்கிலப் படை வெளியேயுமாக நின்று, இரு தரப்பிலும் ஏராளமானோர் மாண்டு, இன்னும் சில நாளில் யார் கை ஓங்கும் என்று தெரியாத நிலையில், ஐரோப்பாவிலிருந்து ஒரு செய்தி கப்பலில் வந்து சேர்ந்தது: இரு அரசர்களும் அவ்வாண்டு ஜனவரியிலேயே பூர்வாங்க சமாதானம் செய்துகொண்டுவிட்டார்கள். அதாவது, கடலூர் மண்ணில் அந்தக் கோடையில் சிந்திய இரத்தமெல்லாம், யுத்தம் முடிந்து ஐந்து மாதங்களுக்குப் பின் சிந்தியது. மாண்டவர்களில் எத்தனையோ பேர் நம் நாட்டுச் சிப்பாய்கள். அவர்கள் யாருக்காகப் போரிட்டார்களோ அவர்கள் ஏற்கெனவே கைகுலுக்கிக் கொண்டிருந்தனர் என்பதை எண்ணும்போது, எழுதும் கை சற்று நின்றுவிடுகிறது.

அச்செய்தி கிடைத்ததும் பிரெஞ்சுக்காரர்கள் போரை நிறுத்தினர். அது மட்டுமன்று, மங்களூர்க் கோட்டையை முற்றுகையிட்டிருந்த, ஹைதரின் மகன் திப்புவின் படையில் தோளோடு தோள் நின்ற தங்கள் ஆட்களையும் விலக்கிக்கொண்டனர். 1783 செப்டம்பர் 3 அன்று வெர்சாயில் கையெழுத்தான பிரிட்டிஷ்-பிரெஞ்சு உடன்படிக்கையில் இந்தியாவைப் பற்றிய ஷரத்துகள் உண்டு. பாண்டிச்சேரி, காரைக்கால், மாஹே, சந்திரநாகூர் ஆகியவை பிரான்சுக்குத் திரும்ப வேண்டும். இந்தியாவில் இரு தரப்பாருக்கும் உள்ள நேசர்களை இந்தச் சமாதானத்தில் சேருமாறு அழைக்க வேண்டும், அதற்கு நான்கு மாதத் தவணை என்று பதினாறாம் ஷரத்து சொல்லிற்று. மைசூரின் பெயரைக்கூட எழுதாமல், நேசர் என்ற பொதுச்சொல்லில் அடக்கி, யாருடைய நாட்டில் யுத்தம் நடந்ததோ அவனைக் கடைசியில் வந்து ஒப்பமிடும் விருந்தாளியாக ஆக்கிய வாசகம் அது. அதே நாளில் அமெரிக்கருக்கு ஒரு தேசம் பிறந்தது. மைசூருக்கு ஒரு தவணை கிடைத்தது.

திப்பு அந்தத் தவணைக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். மங்களூரைப் பட்டினி போட்டு 1784 ஜனவரி இறுதியில் சரணடையச் செய்தபின்பே அவர் பேசினார். சென்னைக் கவர்னர் மக்கார்ட்டினி பிரபு அனுப்பிய மூன்று பிரதிநிதிகள் மலைகளைக் கடந்து அவரது கூடாரத்துக்கே வர, 1784 மார்ச் 11 அன்று மங்களூர் உடன்படிக்கை எழுதப்பட்டது. பிடித்த இடங்களை இருவரும் திருப்பித் தருவது, கைதிகளை விடுவிப்பது, கர்நாடகப் பாயின்காடு என்ற ஆற்காட்டுச் சமவெளியின்மீது திப்பு உரிமை கொண்டாடாதிருப்பது என்பவையே அதன் சாரம். பாலக்காட்டையும் கோயம்புத்தூரையும் பிடித்து மைசூரை நோக்கி நின்ற கர்னல் புல்லர்ட்டன் மனமின்றித் திரும்பினார். கல்கத்தாவிலிருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் இதை அவமானம் என்று கருதினார். இந்நாட்டு அரசர் ஒருவர் கும்பினியோடு சமமாக அமர்ந்து, கேட்டதைத் தந்து, தந்ததைக் கேட்டு வாங்கிய கடைசி உடன்படிக்கைகளுள் இதுவும் ஒன்று என்பதாலேயே அதன்மீது எனக்கு மதிப்பு உண்டு. சமமானவர்கள் செய்த சமாதானம் அழகானது. ஆனால் இருவருமே அதை மூச்சு வாங்கும் இடைவேளையாகத்தான் எடுத்துக்கொண்டனர்.

வெர்சாய்க் காகிதத்தின் மற்ற விளைவுகளை விரைவாகச் சொல்லிவிடலாம். அன்று திரும்பிய பாண்டிச்சேரி, பின்னும் பலமுறை கைமாறி 1814-ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையால் மறுபடியும் பிரான்சின் வசமாகி, 1954 நவம்பர் முதல் நாள் வரை அப்படியே இருந்தது. கேரளத்தின் நடுவே இருக்கும் மாஹே இன்றும் புதுச்சேரியின் நிர்வாகத்தில் இருப்பதற்கு வேர் இங்கேதான். டச்சுக்காரரோ 1784-இல் நாகப்பட்டினத்தை ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்து, திருகோணமலையைத் திரும்பப் பெற்றனர்.

இனிக் கதை பெங்களூருக்கு வருகிறது. அமெரிக்காவில் யார்க்டவுனில் 1781-இல் வாஷிங்டனிடம் சரணடைந்த அதே காரன்வாலிஸ், கவர்னர் ஜெனரலாக வந்து, திருவிதாங்கூர்க் கோட்டைவரிசையைத் திப்பு தாக்கியதைக் காரணமாக்கி, மராட்டியரையும் நிஜாமையும் துணைசேர்த்து யுத்தத்தில் இறங்கினார். 1791 பிப்ரவரியில் வேலூர்ப் பக்கமிருந்து புறப்பட்டு, முகிலிக் கணவாயில் ஏறி, கோலார், ஹொசகோட்டை வழியாக அவருடைய படை மார்ச் 5-ஆம் தேதி பெங்களூரின் எதிரே வந்தது. மார்ச் 7 அன்று பேட்டை வீழ்ந்து கொள்ளை போயிற்று. 21-ஆம் தேதி இரவு கோட்டை வீழ்ந்தது. கிழவரான கில்லேதார் பகதூர் கான் வாளோடு நின்று மாண்டார். தொம்மலூர் போன்ற கிழக்குப் புறத்துக் கிராமங்கள் அந்த மார்ச் மாதத்தில் பட்ட பாட்டை எந்தக் கும்பினி அதிகாரியும் எழுதிவைக்கவில்லை. பல்லாயிரம் வீரரும், அவர்களைவிடப் பன்மடங்கான பரிவாரமும், மாடுகளும் யானைகளும் வைக்கோலுக்கும் தானியத்துக்கும் ஓரிடத்தில் மொய்த்தால் சுற்றுப்புறத்து ஏரிக்கரைகளுக்கு என்ன நேரும் என்பது விவசாயிக்குத் தெரியும்.

அடுத்த ஆண்டு, 1792 மார்ச் 18 அன்று, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சமாதானம் கையெழுத்தாயிற்று. ராஜ்யத்தில் பாதி போயிற்று. மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய், பாதி உடனேயும் மீதி தவணைகளிலுமாகத் தரவேண்டும். அதுவரை பிணையாகத் திப்புவின் பிள்ளைகள் அப்துல் காலிக்கும் முயிசுதீனும் ஆங்கிலேயரிடம் இருக்கவேண்டும். பால் மணம் மாறாத அந்த இரு சிறுவரும் அலங்கரித்த யானைமேல் ஏறிக் காரன்வாலிஸின் கூடாரத்துக்கு வந்த காட்சியைப் படையோடு வந்திருந்த ராபர்ட் ஹோம் என்ற ஓவியர் தீட்டினார். லண்டனிலே அதை மகா கருணையின் சித்திரமாகப் பலரும் வரைந்து விற்றனர். தகப்பனின் மடியிலிருந்து பிள்ளையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு பணம் கேட்பதைக் கருணை என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. 1794-இல், பணம் தீர்ந்தபின், சிறுவர்கள் சென்னையிலிருந்து திரும்பினர்.

அந்தப் பணம் யார் கொடுத்தது? பொக்கிஷத்திலிருந்து ஒரு பங்கு வந்தது. எஞ்சியதற்குப் படையினரும் உத்தியோகஸ்தரும் பிரஜைகளும் நஜர் என்ற பெயரால் தண்டம் அழுதார்கள். உத்தியோகஸ்தர் தம் பங்கைக் குடியானவனிடம் வசூலித்துக்கொண்டார் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. நூற்றிருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின் இதே வெர்சாயில், 1919-இல், ஜெர்மனியின்மீது இழப்பீடு சுமத்தியபோது உலகம் எதைக் கற்றுக்கொள்ள மறுத்ததோ அதை மைசூர்க் குடியானவன் 1792-இலேயே அறிந்திருந்தான். பாதி ராஜ்யத்தைப் பறித்துக்கொண்டு, மீதிப் பாதியைக் கொண்டு முழு ராஜ்யத்தின் கடனை அடைக்கச் சொன்ன சமாதானம், பகையை அணைக்கவில்லை. சாம்பலிட்டு மூடி வைத்தது. 1783-இல் கைவிட்ட பிரான்சுக்கே திப்பு 1787-இல் அனுப்பிய தூதர்கள், பதினாறாம் லூயி மன்னனிடம் மரியாதையைத் தவிர வேறொன்றும் பெறாமல் திரும்பினர்; ஆயினும் 1792-க்குப் பின் திப்புவுக்கு நாடுவதற்கு வேறு கதவும் இல்லை. மொரீஷியஸில் 1798-இல் அவருக்காக ஆள் திரட்டிய அறிக்கையே அவரை அழிக்கக் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லிக்குக் கிடைத்த காரணமாயிற்று.

1792-இன் இன்னொரு விளைவு, தமிழ்நாட்டின் ஒவ்வொரு பட்டா நிலத்திலும் இன்று நிற்கிறது. கும்பினிக்கு வந்த பங்கில் மலபாரும் திண்டுக்கல்லும் சேலமும், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதியான பாராமகாலும் அடக்கம். பாராமகாலை நிர்வகிக்கச் சென்ற அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாயிருந்த தாமஸ் மன்றோவும், நடுவில் ஜமீன்தார் யாருமின்றி ஒவ்வொரு குடியானவனின் நிலத்தையும் அளந்து, அவனோடு நேரே தீர்வை பேசும் முறையை அங்கேதான் பயின்றனர். பின்னாளில் மன்றோ சென்னைக் கவர்னரானபோது, ரயத்துவாரி மாகாணத்தின் பொது முறையாயிற்று. கிருஷ்ணகிரி, தருமபுரிக் கரம்புகளில் சங்கிலி பிடித்து அளந்தது ஒரு சமாதான உடன்படிக்கையின் பின்விளைவு என்பதை, சர்வே எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு தாலுகா கச்சேரியில் காத்திருக்கும் நம் விவசாயி அறியமாட்டார்.

1799 மே 4 அன்று திப்பு கோட்டைவாயிலில் மாண்டார். உடனே ஐந்து பேர் கொண்ட ஒரு குழு கூடி மைசூரைப் பங்கிட்டது. அதில் ஒருவர் கவர்னர் ஜெனரலின் தம்பி ஆர்தர் வெல்லெஸ்லி. அதன் காரியதரிசிகளில் ஒருவர் மேற்சொன்ன மன்றோ. ஜூன் 22-இல் பங்கீட்டு உடன்படிக்கை. கோயம்புத்தூரும் கன்னடக் கடற்கரையும் கும்பினிக்கு. ஜூலை 8-இல், பழைய ராஜவம்சத்தின் வாரிசான, ஐந்து வயதைத் தாண்டாத கிருஷ்ணராஜ உடையாரின் பெயரால் உபசகாய உடன்படிக்கை. ஆண்டுக்கு ஏழு லட்சம் நட்சத்திரப் பகோடா கும்பினிப் படையின் செலவுக்காகத் தரவேண்டும், பணம் தவறும் அபாயம் நேர்ந்தால் நிர்வாகத்தைக் கும்பினியே எடுத்துக்கொள்ளலாம். பதினாறு ஆண்டுகளுக்குப் பின், வியன்னாவில் ஐரோப்பா முழுவதையும் பங்கிட்ட மகாசபையில் பிரிட்டனின் பிரதிநிதியாக அமர்ந்தவரும் இதே ஆர்தர் வெல்லெஸ்லியே. அப்போது அவர் வெல்லிங்டன் பிரபு. வீழ்ந்த வீரனின் வாரிசை விலக்கிப் பழைய ராஜவம்சத்தை மறுபடி சிம்மாசனத்தில் ஏற்றும் உபாயத்தை ஐரோப்பா அங்கே கையாண்டது; மைசூரில் அது முன்பே நடந்தேறியிருந்தது. சரித்திர ஆசிரியர்கள் வியன்னாவைப் பெரிதாகவும் ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் சிறிதாகவும் எழுதிவிட்டார்கள்.

அந்த உபசகாயப் படை எங்கே இருப்பது? முதலில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்தது. காவிரித் தீவின் காய்ச்சல் சிப்பாய்களையும் துரைகளையும் வாரிக்கொண்டு போகவே, 1809-இல் பாளயத்தைப் பெங்களூருக்கு மாற்றி, பேட்டைக்குக் கிழக்கே அல்சூரை ஒட்டிய மேட்டுநிலத்தில் அமைத்தார்கள். பேட்டைக் கன்னடர் அதைத் தண்டு என்றனர். தண்டு என்றால் படை இறங்கிய இடம். வந்தது சென்னைப் பட்டாளம்; அதன் சிப்பாய்களில் தமிழரும் தெலுங்கரும் மிகுதி. அவர்களோடு, ஆற்காட்டுச் சீமையிலிருந்து வந்தவர்களின் தொழிலைச் சொன்னால் அன்றைய வாழ்வு முழுவதும் கண்முன் வந்துவிடும்: கொத்தனார், சித்தாள், தச்சர், குதிரைக்காரர், புல் அறுப்பவர், பட்லர், சமையற்காரர், ஆயா, வண்ணார், தோட்டக்காரர், கசாப்புக்காரர், துபாஷி, கச்சேரிக் குமாஸ்தா, கடைக்கார முதலியார், பட்டாளத்துக்குச் சாமான் தரும் கான்டிராக்டர். அப்படித் தழைத்த கான்டிராக்டர்களில் ஒருவரான ஆற்காடு நாராயணசாமி முதலியார்தான், இன்று கர்நாடக உயர்நீதிமன்றம் இருக்கும் அட்டார கச்சேரியை 1860-களில் கட்டிக்கொடுத்து, 1873-இல் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியும் நிறுவியவர். சென்னை சாப்பர்ஸ் என்ற பொறியியல் பட்டாளம் 1834 முதல் பெங்களூரையே தலைமையிடமாகக் கொண்டது. அதன் வீரர்களுக்குத் தம்பிகள் என்ற பெயர் இன்றளவும் வழங்குகிறது.

தொம்மலூர் இந்தத் தண்டின் தென்கிழக்கு விளிம்பில் இருந்த கிராமம். இன்றும் அதைச் சுற்றி ராணுவத்துக்குரிய நிலங்கள் மதிலுக்குள் அகன்று கிடக்கின்றன. பாளயத்தின் பண்டகசாலைக்கும் துரைமார் பங்களாவுக்கும் விடியற்காலையில் நடந்துபோய் வேலை செய்து அந்தியில் திரும்பியவர்களின் குடியிருப்பாகத் தண்டின் ஓரத்துக் கிராமங்கள் மாறிக்கொண்டே வந்தன. பழைய கோயிலில் தமிழ்க் கல் இருப்பது வந்தவர்களில் பலருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. தம் மொழி தமக்கு முன்பே ஐந்நூறு ஆண்டுகள் அங்கே வந்து காத்திருந்ததை அறியாமலே அவர்கள் அதன் பக்கத்தில் குடிசை போட்டார்கள்.

1799-இன் ஷரத்து சும்மா இருக்கவில்லை. ஆண்டுதோறும் கப்பத்தைக் கட்டிக் கட்டி வரி ஏற, 1830-இல் நகர் சீமையில் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அதைக் காட்டி 1831-இல் கும்பினி மைசூரின் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 1881 மார்ச் 25 அன்று, ராஜ்யத்தை உடையார் வம்சத்துக்குத் திருப்பித் தந்தபோதும் தண்டை மட்டும் தரவில்லை. அதைச் சிவில் அன்ட் மிலிடரி ஸ்டேஷன் என்ற பெயரால் பிரிட்டிஷ் ரெசிடெண்டின் நேர் ஆட்சியில் வைத்துக்கொண்டு, கப்பத்தையும் முப்பத்தைந்து லட்சம் ரூபாயாக உயர்த்துவதென்று எழுதிக்கொண்டார்கள். ஆகவே ஒரே ஊரில் இரண்டு ராஜ்யங்கள். ஒரு பக்கம் மகாராஜாவின் போலீஸ், மறுபக்கம் ரெசிடெண்டின் போலீஸ். இரண்டு முனிசிபாலிட்டி, இரண்டு கோர்ட்டு. பேட்டையில் கன்னடம் கச்சேரி மொழியாக வளர, தண்டில் இங்கிலீஷுக்கும் தமிழுக்கும் உருதுவுக்கும் இடையே கன்னடம் விருந்தாளியாக நின்றது.

பிற்காலத்தில் இந்நகரத்தில் கன்னடருக்கும் தமிழருக்கும் இடையே மூண்ட மனத்தாங்கல்களுக்குக் காவிரியையும் சினிமாவையும் அரசியலையும் காரணமாகச் சொல்வார்கள். அவற்றில் உண்மை உண்டு. ஆயினும் தன் ஊரிலேயே பாதி, தன் மொழி செல்லாத பிறர் ராஜ்யமாக நூற்று முப்பது ஆண்டுகளுக்குமேல் கிடந்ததைக் கண்ட கன்னடரின் மனப்புண்ணை நாம் சரியாக மதிப்பிடவில்லை என்பதை ஒரு தமிழனாக ஒப்புக்கொள்கிறேன். அதேபோல், நான்கு தலைமுறையாக இந்த மண்ணில் கல் சுமந்து கட்டிய தமிழ்க் கூலிக்காரரை வந்தேறி என்று சொல்லுகிறவர்கள், அவரை அழைத்துவந்தது அவருடைய பேராசையன்று, அவர் பார்த்திராத ஓர் உடன்படிக்கை என்பதை எண்ணிப் பார்த்ததில்லை. இரு தரப்பாரும் அந்த மேசையில் இல்லை. கும்பினியின் கமிஷனர்கள் இருந்தார்கள். ஐந்து வயதைத் தாண்டாத ஒரு குழந்தையின் பெயர் இருந்தது.

தண்டு மைசூருக்குத் திரும்பியது 1947-இல். அப்போது திவானாயிருந்தவர் ஆற்காடு ராமசாமி முதலியார். இரண்டாம் உலக யுத்தத்தின் முடிவில், 1945 ஜூனில், சான் பிரான்சிஸ்கோவில் ஐக்கிய நாடுகள் சாசனத்தில் இந்தியாவின் பெயரால் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர், ஐ.நா.வின் பொருளாதார, சமூக சபைக்கு முதல் தலைவரும் அவரே. உலகத்துக்குச் சமாதானம் எழுதிய அந்தப் பேனா, 1799-இல் எழுதிய சமாதானத்தின் கடைசி முடிச்சு அவிழும் வேளையில் மைசூர் அரசாங்கத்தின் பேனாவாக இருந்தது. அதே ஆண்டில் பொறுப்பாட்சி கேட்டுப் பிரஜைகள் கிளர்ந்தபோது அவருடைய அரசாங்கம் அவர்களைச் சிறையில் அடைத்தது என்பதையும் மறைக்கலாகாது. 1949-இல் இரண்டு முனிசிபாலிட்டிகளும் இணைந்து பெங்களூர் மாநகராட்சி ஒன்றாயிற்று.

தொம்மலூர்ப் பக்கம் போகும் வாசகர்கள், தமிழரானாலும் கன்னடரானாலும், மேம்பாலத்தில் ஏறுமுன் அந்தக் கோயிலுக்குள் ஒருமுறை சென்று, சுண்ணாம்பும் எண்ணெயும் பெயின்ட்டும் படிந்து மங்கிவரும் அந்த எழுத்துகளின் எதிரே நிற்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். போசள அரசன் ஒருவனின் பெயர் தமிழ் எழுத்தில் வெட்டப்பட்டிருக்கும் கல் அது. இனி அதன்மேல் யாரும் பெயின்ட் அடிக்காமல் பார்த்துக்கொள்ள, அந்தத் தெருவில் வாழும் இரு மொழியாரும் சேர்ந்து முன்வரவேண்டும்.